லின் மேடம் குச்சியைக் கீழே வைத்த மதியம்

போன வாரம் கலா போன் செய்தாள். காட்டுப்பாக்கத்தில் சீன இன்ஜினியர்கள் தங்கும் வீட்டில் நான் பார்த்த சமையல் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். ஏதாவது சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பாள்.

“எக்கா, அந்தக் கறுப்புக் காளான் கீதே, நாளிக்கிக் காலீல டைம் இருக்காது. இப்பவே தண்ணீல போட்டு வச்சிடட்டா?”

நான் பேத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது. “வாணாம்! போட்டுட்டியா?” என்று நான் கத்தியதில் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னும் போடலக்கா. அதுக்கு ஏன்கா இப்டிக் கத்தற?”

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை அது. அதனால் எழுதுகிறேன். கலா மட்டுமல்ல, அந்த அடுப்படிக்கு இனிமேல் வருகிற எல்லாரும் படிக்கட்டும்.

நான் சென்னீர்குப்பத்துக்காரி. அம்மா நாற்று நட்ட வயல்களில் இப்போது குடோன்கள் நிற்கின்றன. அம்பத்தூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்க ஆரம்பித்து, குழம்பு வைக்கிற இடம்வரைக்கும் வந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அண்டா, ஷிஃப்ட் மணி, மறுபடி அண்டா. கேன்டீன் கான்ட்ராக்ட் கைமாறியபோது ஏஜென்சிக்காரர்கள் என்னைக் காட்டுப்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெங்களூர் ஹைவே பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த சீனாக்காரர்கள், அங்கே ஒரு தனி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மாடியில் அவர்களுடைய அறைகள், கீழே கூடமும் சமையலறையும்.

போவதற்கு முன்பே பயம் பிடித்துக்கொண்டது. தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பாம்பு உரிக்கச் சொல்வார்கள், தவளை வறுக்கச் சொல்வார்கள் என்றார்கள். முதல் நாள் அந்த வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தபோது கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் திறந்தேன். உள்ளே முட்டைகோஸ், தக்காளி, வெங்காயத்தாள், முட்டை, பன்னீர் மாதிரி இரண்டு கட்டி டோஃபு. அவ்வளவுதான்.

அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர் லின் மேடம். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியான உடம்பு, ஆண்பிள்ளை போலக் கத்தரித்த முடி. சீனாவின் மலைப் பக்கத்து ஊர்க்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. நடுவில் அவருடைய போன். அவர் அதில் பேசினால், அது ஒரு பெண் குரலில் தமிழில் சொல்லும். அதுவும் நாம் பேசுகிற தமிழ் இல்லை, செய்தி வாசிக்கிற தமிழ். “தயவுசெய்து கீரையின் நிறம் மாறுவதற்கு முன் அடுப்பை அணைக்கவும்” என்று அது சொல்லும்போது எனக்கு முதலில் சிரிப்பு வரும்.

மேடம் சத்தம் போட மாட்டார். நான் தப்பாகச் செய்தால் என் கை மேல் கையை வைப்பார். நான் நிறுத்த வேண்டும். கரண்டியை வாங்கி ஒருமுறை செய்து காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். நான் சரியாகச் செய்யும்வரை பக்கத்திலேயே நிற்பார். திட்டியிருந்தால்கூடப் பயம் குறைவாக இருந்திருக்கும்.

அவர்கள் வீட்டுச் சாப்பாடு ஹோட்டலில் கிடைக்கிற சைனீஸ் மாதிரி இல்லை. காலையில் நீர்க்கக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய கடுகுக்கீரை. மதியம் சோறு, பெரிய தீயில் பூண்டு போட்டுப் புரட்டிய கீரை, தக்காளியும் முட்டையும் சேர்த்துக் கிளறியது, மீனோ கறியோ ஒன்று, தெளிவான ஒரு சூப். எல்லாவற்றையும் மேஜை நடுவில் வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கிண்ணம் சோறு, நடுவிலிருந்து குச்சியால் எடுத்துக்கொள்வார்கள். கத்திரி வெயிலிலும் குடிக்கச் சுடுதண்ணீர்தான். “ஏசியப் போட்டுகினு சுடுதண்ணி குடிக்கிறாங்க பாருக்கா” என்று டிரைவர் ஏழுமலை சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். திருமுல்லைவாயில்காரன். அவனும் நானும்தான் அந்த வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்.

வெளியிலிருந்து யாராவது விருந்துக்கு வந்தால் மேடம் வேறு ஆளாகிவிடுவார். வாசலைப் பார்த்த நாற்காலி விருந்தாளிக்கு. டீயை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். மீனின் தலை விருந்தாளியைப் பார்த்து இருக்க வேண்டும். முதல் துண்டை வீட்டுக்காரர் எடுத்து விருந்தாளியின் கிண்ணத்தில் வைப்பார். கிண்ணம் காலியானால் உடனே நிரப்புவார். விருந்தாளி கொஞ்சம் மீதி வைத்தால்தான் போதும் என்று அர்த்தம்.

சேர்ந்த புதிதில் ஒருநாள், கையில் நிறையத் தட்டுகள் இருந்ததால், குச்சிகள் உருண்டுவிடக் கூடாதே என்று ஒரு சோற்றுக் கிண்ணத்தில் நட்டமாகக் குத்தி எடுத்து வந்தேன். மேஜையில் பேச்சு நின்றது. மேடம் எழுந்து வந்து அவற்றை உருவினார். செத்தவர்களுக்கு வைக்கிற சோற்றில்தான் ஊதுபத்தி அப்படி நிற்கும் என்று போன் சொன்னது. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. நம் வீட்டில் பிணத்தின் தலைமாட்டில் படி அரிசியில் ஊதுபத்தி குத்துவது கண் முன்னால் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் செய்தேன். மரக்காது விஷயத்திலும் அப்படித்தான். மரக்காது என்பது அந்தக் கறுப்புக் காளான். மரத்தில் காது மாதிரி முளைக்குமாம். காய்ந்தபோது கருகின காகிதம் போல இருக்கும். தண்ணீரில் போட்டால் பல மடங்கு உப்பும். காலையில் ஊறப் போட்டு மதியமே சமைத்துவிட வேண்டும், மிஞ்சியதைக் குப்பையில் கொட்டிவிட வேண்டும். ராத்திரி ஊறவைக்கக் கூடாது. இதை மட்டும் மேடம் மூன்று தடவை போனில் சொல்ல வைத்தார். ஊறவைக்கிற பாத்திரத்தை அவரே வந்து பார்ப்பார். இட்லி மாவை ராத்திரி முழுக்க வெளியில் வைக்கிற ஊரில் இது என்ன அதிசயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் சென் என்று ஒரு இன்ஜினியர் இருந்தான். என் மகளைவிடச் சின்னவன். கண்ணாடி போட்ட, வெட்கப்படுகிற பையன். அடுப்படிக்கு வந்தால் சும்மா நிற்க மாட்டான், பூண்டு உரித்துக் கொடுப்பான். அவனுக்கு வேலை முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தது. போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் தானே சமைத்து எல்லாருக்கும் விருந்து வைக்கப்போவதாகச் சொன்னான். நானும் ஏழுமலையும் அன்றைக்கு வேலைக்காரர்கள் இல்லை, விருந்தாளிகள். அடுப்படிக்குள் வரவே கூடாது என்றான்.

வாசலைப் பார்த்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அத்தனை நாள் பரிமாறிய மேஜையில் உட்கார்ந்திருப்பது, யாருடைய வீட்டிலோ திருட வந்தது மாதிரி இருந்தது. எனக்கு ஒரு பக்கம் மேடம், இன்னொரு பக்கம் ஏழுமலை. எதிரில் மற்ற இரண்டு இன்ஜினியர்கள். சென் ஒவ்வொரு தட்டாகக் கொண்டுவந்தான். மீன், கோழி, கீரை. கடைசியில் மரக்காது. வினிகர், பூண்டு, மிளகாய் போட்டுப் பிசறியது. அவனுடைய அம்மா செய்கிற மாதிரியாம். மொறுமொறுவென்று, புளிப்பும் காரமுமாக, நன்றாகவே இருந்தது.

அவன் என் கிண்ணத்தில் வைத்தான். நான் சாப்பிட்டேன். கிண்ணத்தில் மீதி வைப்பது அவர்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்போடு வைத்ததை வீணாக்க மனம் வரவில்லை. போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவதுதான் நமக்கு மரியாதை. காலியானதும் மறுபடி வைத்தான். மேடமும் ஒருமுறை வைத்தார். ஏழுமலை மட்டும் ஒரு துண்டை வாயில் போட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு, “காது துன்னுற மாதிரியே கீதுக்கா” என்று என்னிடம் கிசுகிசுத்தான்.

மேடம் ஒரு துண்டைக் கடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சென்னிடம் ஏதோ கேட்டார். அவன் பெருமையாகப் பதில் சொன்னான்.

மேடம் குச்சியைக் கீழே வைத்தார்.

மெதுவாகத்தான் வைத்தார். ஆனால் அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். மறுபடி ஏதோ கேட்டார். சென் மாடியைக் காட்டினான். எதிரில் இருந்த இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். ஒருவன் வாயில் இருந்ததைக் கையில் துப்பினான்.

“இன்னாக்கா ஆச்சு? பல்லி கில்லி வியுந்துடுச்சா?” என்றான் ஏழுமலை.

மேடம் போனை எடுத்துப் பேசினார். பேசும்போது அவர் குரல் உடைந்தது. ஆனால் போன் எப்போதும் போல அதே குரலில், உப்பு போடச் சொல்கிற அதே குரலில், சொன்னது: “இந்தக் காளான் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நீரில் ஊறியுள்ளது. இதில் விஷம் உருவாகியிருக்கலாம். கழுவினாலும் சமைத்தாலும் அது போகாது. மரணம் ஏற்படலாம்.”

நடந்தது இதுதான். எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சென் வெள்ளிக்கிழமை காலையிலேயே தன் அறையில் ஒரு டப்பாவில் மரக்காதை ஊறப் போட்டு மூடி வைத்திருக்கிறான். மதியம் வந்து ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவனை, ஒரு மெஷின் நின்றுபோனதால் கம்பெனியிலேயே பிடித்துவைத்துவிட்டார்கள். ஞாயிறு காலையில்தான் வந்தான். அறையில் ஏசி ஓடவில்லை, ஜன்னலும் மூடியிருந்தது. டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தானாம். நாற்றம் இல்லை. நன்றாக அலசி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துவிட்டான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாத பசியில், பிசறும்போதே அடுப்படியில் நின்று ஒரு கிண்ணம் தின்றிருக்கிறான்.

நானும் யோசித்துப் பார்த்தேன். வாசனையில் எதுவும் இல்லை, ருசியில் எதுவும் இல்லை. கெட்டுப்போன சாம்பாரை மூக்கு சொல்லிவிடும். இதைச் சொல்ல எதுவுமே இல்லை.

மேடம் மிச்சக் காளானை ஒரு பாட்டிலில் அடைத்தார். எல்லாரையும் வண்டியில் ஏற்றினார். ஏழுமலைதான் ஓட்டினான். பூந்தமல்லி ரோட்டில் எப்போதும் போல நெரிசல். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தான். “எக்கா, நான் ஒரே ஒரு துண்டுதான் துன்னேன். அத்தக்கூட மெல்லல, தண்ணி ஊத்தி முயுங்கினேன். எனுக்கு ஒன்னும் ஆவாதுல்ல?” நான் எத்தனை கிண்ணம் தின்றேன் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மேடம் போனில் காட்டியதை எல்லாம் படித்தார். பெரிய டாக்டரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்களில் அவரோடு நேராகத் தமிழில் பேசக்கூடியவர்கள் நானும் ஏழுமலையும்தானே.

“இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாதும்மா. வயித்தக் கழுவுறோம். ரத்தம் எடுத்து எடுத்துப் பார்க்கணும். உடனேயும் தெரியலாம், நாளைக்கும் தெரியலாம். யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம்.”

“தெரியறதுன்னா இன்னா டாக்டர் தெரியும்?” என்று கேட்டேன்.

“வாந்தி, தலைசுத்தல். அப்புறம் கல்லீரல்.” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

காத்திருப்பதைப் போல ஒரு கொடுமை இல்லை. வரிசையாகக் கட்டில்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது இருமினால் எல்லார் தலையும் திரும்பும். என் வயிறு வலித்தது. அது விஷமா, குழாய் விட்டுக் கழுவியதாலா, பயமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்தால் அதை முகர்ந்து பார்த்தேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

அப்போது பார்த்து மகள் புவனா போன் செய்தாள். அவளுக்கு அது ஏழாவது மாசம். “யம்மா, எப்ப ஊட்டுக்கு வர்ற? எனுக்கு உன் கையால ரசம் துன்னணும் போல கீது.”

“விருந்து கண்ணு, வேல ஜாஸ்தி. நாளிக்கி வந்து வச்சித் தரேன்” என்றேன். சொல்லிவிட்டுப் போனை நெஞ்சில் அழுத்திக்கொண்டேன். நாளைக்கு என்ற வார்த்தையை அதற்கு முன் எத்தனை தடவை சும்மா சொல்லியிருப்பேன்.

மேடம் என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். என் கை மேல் கையை வைத்தார். பிறகு போனில் தாழ்ந்த குரலில் பேசினார். போன் சொன்னது: “என் சிறு வயதில் என் பெரியம்மா வீட்டில் புளித்த மாவில் செய்த உணவில் இதே விஷம் இருந்தது. கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்த மகள் மட்டும் உயிர் பிழைத்தாள்.” அவர் ஏன் ஊறவைக்கும் பாத்திரத்தைத் தானே வந்து பார்த்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் சென் வாந்தி எடுத்தான். அடுத்த தடவை அவனால் நிமிர முடியவில்லை. உடம்பு சில்லிட்டு வேர்த்துக் கொட்டியது. நர்ஸ்கள் கட்டிலோடு அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது அவன் என்னைப் பார்த்தான். வலியில் பார்க்கிற பார்வை இல்லை அது. எனக்கு வாந்தி வருகிறதா என்று பார்க்கிற பார்வை. அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

எனக்கும் வந்தது, இரண்டு தடவை. ஏழுமலை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதான். மேடம் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு வாந்தி நின்றது. அது தானாக நின்றதா, மேலும் வரப்போகிறதா என்று தெரியாமல் விடியும்வரை விழித்துக் கிடந்தேன். காலையில் எடுத்த ரத்தத்திலும், அதற்குப் பிறகு எடுத்த ரத்தத்திலும் எனக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மேடத்துக்கும் மற்றவர்களுக்கும் ஒன்றுமில்லை.

சென்னுக்குத்தான் கல்லீரல் கெட ஆரம்பித்திருந்தது. கண் மஞ்சளானது. நகரத்தில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். பல நாள் கண்ணாடிக்குப் பின்னால்தான் அவனைப் பார்க்க முடிந்தது. பிழைப்பான் என்று டாக்டர்கள் சொல்லவில்லை, மாட்டான் என்றும் சொல்லவில்லை. அந்தப் பாட்டிலில் இருந்ததைச் சோதிக்க எங்கெங்கோ அனுப்பினார்கள். இதுதான் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. நான் அவ்வளவு தின்றும் எப்படித் தப்பினேன் என்பதற்கும் பதில் கிடைக்கவில்லை. கடைசியில் அவன் மெல்லத் தேறினான்.

அவன் தேறிவருகிற அந்த நாட்களில் வீடு மாறிப்போனது. நான் சமைத்தேன். சாப்பிட வந்தார்கள். ஆனால் யாரும் யார் கிண்ணத்திலும் எதையும் வைக்கவில்லை. அவரவர் எடுத்துக்கொண்டு, அவரவர் கிண்ணத்தைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். ஒருவன் பாக்கெட் பிரெட்டையே தின்றுகொண்டிருந்தான். முதல் வாயை யாராவது வைக்கட்டும் என்று எல்லாரும் காத்திருப்பது எனக்கு அடுப்படியிலிருந்தே தெரியும்.

என் வீட்டிலும் அதேதான். புவனா ஆட்டி வைத்த இட்லி மாவு காலையில் பொங்கியிருந்தது. நுரையைப் பார்த்ததும் மேடம் சொன்ன புளித்த மாவு நினைவுக்கு வந்தது. பாத்திரத்தோடு கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன்.

“இன்னாம்மா பண்ற நீ? பொங்குனாத்தான அது மாவு! நேத்து வச்ச கொயம்பக் கொட்டுன, இன்னிக்கி மாவக் கொட்டுன. பைத்தியம் புடிச்சிகிச்சா உனுக்கு?” என்று கத்தினாள். நான் அவள் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென் காட்டுப்பாக்கம் வீட்டுக்குத் திரும்பிய நாளில் அவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. இரண்டு நாளில் விமானம். அடுப்படிப் பக்கம் அவன் வரவே இல்லை. அதன் வாசற்படியைக்கூட மிதிக்காமல் சுற்றிப் போனான். கிளம்புகிற நாள் மதியத்துக்கு மேடம் மீன் அவிக்கச் சொன்னார். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு அவித்தேன். கொண்டுவந்து வைத்ததும் மேடம் வாசலைப் பார்த்த நாற்காலியை இழுத்து, உட்கார் என்று கையைக் காட்டினார். ஏழுமலையையும் கூப்பிட்டார்.

உட்கார்ந்தோம். மீனைச் சுற்றி எல்லாரும் சும்மா இருந்தோம். மேடம் சென் முகத்தைப் பார்த்தார். சென் குச்சியை எடுத்தான். மீனின் வயிற்றுப் பக்கத்திலிருந்து ஒரு துண்டைப் பிய்த்தான். என் பக்கமாகக் கொண்டுவந்தவன் பாதியில் நின்றுவிட்டான். துண்டு விழுந்துவிடும் போல இருந்தது. அவனால் அதை என் கிண்ணத்தில் வைக்க முடியவில்லை. திரும்ப எடுக்கவும் முடியவில்லை.

நான் கழுவி, நான் அவித்த மீன். அதில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் கையிலிருந்து வருகிறது என்றதும் நான் ஒரு கணம் தயங்கியது உண்மை. கிண்ணத்தை எடுத்து அவன் குச்சிக்குக் கீழே நீட்டினேன். துண்டு விழுந்தது. வாயில் போட்டேன். மென்றேன். விழுங்குகிறவரைக்கும் அவன் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். ஏழுமலை தன் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி மேஜை மேலாக நீட்டினான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “எனுக்கும் போடு நைனா. ஆவறது ஆவட்டும்” என்றான்.

சென்னுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் போட்டான்.